எடை, வயது, வழுக்கி விழும் ஆபத்து: எதைச் சோதிப்பது, எதைச் சரிசெய்வது

எடை கூடுதலாக இருப்பதாலேயே யாரும் வழுக்குவதில்லை. எடை கூடும்போது தரையின் பிடிமானமும் கூடவே கூடுகிறது. ஆனால் கால் வழுக்கிய பிறகு சமாளித்து நிற்பதுதான் கடினமாகிறது. தொப்பை எடை மையத்தை முன்னே தள்ளுவதால், சரியும் உடலை இழுத்து நிறுத்தக் கணுக்காலுக்கும் தொடைக்கும் அதிக வலு வேண்டும். வயதாக ஆகத் தொடைத் தசை கரைகிறது, உள்ளங்கால் உணர்ச்சி மங்குகிறது, அடுத்த காலை எடுத்து வைக்கவும் தாமதமாகிறது. மிக ஒல்லியான முதியவர்களைப் பற்றியும் கவலைப்பட வேண்டும். இடுப்பில் சதைப்பற்று இல்லாமல் எலும்பும் மெலிந்திருந்தால், நின்ற உயரத்திலிருந்து விழுந்தாலே இடுப்பெலும்பு முறியலாம்.

முதலில் சோதியுங்கள். சுவர் அருகே, துணைக்கு ஒருவர் நிற்க, ஒரு காலின் குதிகால் மறு காலின் விரல்நுனியைத் தொடும்படி நேர்கோட்டில் நில்லுங்கள். 10 விநாடி நிற்க முடியாவிட்டால் விழும் ஆபத்து அதிகம். அடுத்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்து பாருங்கள். முடியவில்லையென்றால் தொடை வலு போதாது.

அதற்குப் பயிற்சியும் அதேதான். நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கை ஊன்றி 5 முறை எழுந்து உட்காருங்கள். சற்று ஓய்வெடுத்து மீண்டும் 5 முறை. வாரத்தில் 3 நாள் போதும். தொப்பென்று உட்கார்ந்தால் பாதிப் பயன் போய்விடும், மெதுவாக இறங்குங்கள். எளிதாகிவிட்டால் கை ஊன்றாமல் செய்யுங்கள். எடையைக் குறைக்கப் பட்டினி மட்டும் வேண்டாம், கொழுப்போடு தசையும் போய்விடும்.

குதிகால் தரையைத் தொட்ட மறுகணமே பெரும்பாலும் கால் வழுக்குகிறது. எனவே ஈரத்தரையில் அடியைச் சுருக்கி, பாதத்தைத் தட்டையாக வையுங்கள். அடிப்பாகம் தேய்ந்து வழவழப்பான செருப்பைக் கழித்துவிடுங்கள்.

குளியலறையில் துண்டு போடும் கம்பியைப் பிடித்து எழாதீர்கள், அது பிடுங்கிக்கொண்டு வரும். 85 முதல் 90 செ.மீ. உயரத்தில் கைப்பிடியை உறுதியான சுவரில் போல்ட் போட்டுப் பொருத்துங்கள். உடல் பருத்தவர்கள் அது எத்தனை கிலோ தாங்கும் என்று கேட்டே வாங்க வேண்டும்.

எழும்போது தலைசுற்றினால், படுத்திருக்கையிலும் எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள்ளும் ரத்த அழுத்தம் பாருங்கள். மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் மருத்துவரிடம் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

விழுந்தவரின் ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் தூக்கி நிறுத்தாமல் ஆம்புலன்ஸை அழையுங்கள்.