கதைகள் தயார், பதிப்பகம் எங்கே? முதல் நூல் போடுவோருக்கு ஒரு செய்முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் கடைத்தெருவில் என்னைப் பார்க்கும் பிள்ளைகளில் யாராவது ஒருவர் அடிக்கடி கேட்டுவிடுவார்: "அக்கா, இருபது கதை வச்சிருக்கேன். புத்தகமா போட யாருகிட்ட கொடுக்கணும்?"

யாரிடம் கொடுப்பது என்பதற்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது. அச்சுக்கூலியை யார் தரப் போகிறார்? இந்த நாட்டில் வந்த தமிழ் நூல்களில் பெரும்பாலானவை எழுதியவரின் கைக்காசில் வந்தவை. என்னுடைய முதல் தொகுப்பும் அப்படித்தான். இரண்டாவதைப் பதிப்பகம் போட்டது. முதலாவதில் நான் பட்டதைச் சொன்னால் உங்களுக்குக் கொஞ்சம் வெள்ளி (ரிங்கிட்) மிஞ்சும்.

படி 1: ஞாயிற்றுப் பதிப்பிலிருந்து தொடங்குங்கள்

ஒரு கதைகூட எங்கும் வராமல் நேரே நூலுக்குப் போகாதீர்கள். மலேசிய நண்பன், மக்கள் ஓசை, தமிழ் மலர் ஆகிய நாளிதழ்களின் ஞாயிற்றுப் பதிப்புகளுக்கு அனுப்பிப் பாருங்கள். 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019-இல் நின்றுபோனதால் வாசல் ஒன்று குறைந்துவிட்டது, என்ன செய்வது. மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவையின் சிறுகதைப் போட்டி, எழுத்தாளர் சங்கம் நடத்தும் போட்டிகள் என்று எதையும் விடாதீர்கள். பரிசு கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டாலும், "இந்தப் பெயரைப் பார்த்திருக்கிறேன்" என்று பதிப்பாசிரியர் ஒருவர் நினைத்தால் அதுவே பெரிய காரியம். வந்த கதை ஒவ்வொன்றுக்கும் தேதியோடு ஒரு நறுக்கு வைத்திருங்கள். பின்னால் தேவைப்படும்.

படி 2: இருபதைப் பன்னிரண்டாக்குங்கள்

மனசு வலிக்கும் வேலை. நல்ல கதைகளுக்கு நடுவில் சுமாரான நான்கு கிடந்தால் அந்த நான்குதான் பதிப்பாசிரியர் கண்ணில் படும்.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். பால்மரம் (ரப்பர்), கங்காணி, தோட்டத்து லயத்து வீட்டின் ஒழுகல் என்று கதை அனுப்பாதவர் நம்மில் யாரும் இல்லை. பால்மரத்தை உங்களில் எத்தனை பேர் வெட்டியிருக்கிறீர்கள்? இன்று நம் ஊரைச் சுற்றி நிற்பது செம்பனை (எண்ணெய்ப் பனை). குலை வெட்டுகிறவர் இந்தோனேசியாவிலிருந்தோ வங்காளதேசத்திலிருந்தோ வந்தவர். லயத்துச் சனம் தாமானுக்கும் (வீடமைப்புப் பகுதி) மலிவு விலை அடுக்ககத்துக்கும் போய்விட்டது. அப்படிக் குடிபோன கதையை எழுதியவர் குறைவு. பாட்டி சொன்ன கதை இரண்டு போதும், மீதி நீங்கள் பார்த்ததாக இருக்கட்டும்.

படி 3: கோப்பைச் சீராக்குங்கள்

ஒருங்குறியில் (யூனிகோடில்) தட்டச்சு செய்யுங்கள். முத்து நெடுமாறன் 1985-இல் நம் மண்ணிலேயே உருவாக்கிய முரசு அஞ்சலோ, கைத்தொலைபேசியில் வரும் விசைப்பலகையோ, எதுவானாலும் சரி. பழைய எழுத்துருவில் அடித்ததை அச்சகத்தில் மாற்றச் சொன்னால் என் கதி வரும். என் முதல் நூலில் 'ஸ்ரீ' வந்த இடத்திலெல்லாம் சின்னக் கட்டம்தான் இருந்தது. டத்தோ ஸ்ரீ பட்டம் பெற்ற ஒருவர் பெயரும் அதில் அடக்கம். வெளியீட்டு விழாவுக்கு அவரே தலைமை தாங்கினார்.

வேர்ட் கோப்பாக, ஒரே எழுத்துருவில், பக்க எண்ணோடு அனுப்புங்கள். அதற்கு முன் ஒற்று பார்க்க ஒருவர் வேண்டும். நம் ஊரில் பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியருக்கா பஞ்சம்? பழம் வாங்கிக்கொண்டு போய்க் கேளுங்கள். என் ஆசிரியர் முதல் பக்கத்திலேயே பதினேழு இடத்தில் சிவப்பு மை போட்டார்.

படி 4: யாருக்கு அனுப்புவது

பதிப்பகத்தின் பழைய நூல்களைப் பார்க்காமல் அனுப்பக் கூடாது. உமா பதிப்பகம், ஜெயபக்தி போன்றவை பள்ளி நூல்களுக்குப் பேர் போனவை. வல்லினம் நவீன இலக்கியத்துக்கு. கவிதையை எடுத்துக்கொண்டு பயிற்றுப் புத்தகம் போடுகிறவரிடம் போனால் காப்பி கொடுத்து அனுப்பிவிடுவார்.

சென்னைப் பதிப்பகங்களுக்கும் அனுப்பலாம். ஆனால் ஆண்டு இறுதியிலும் ஜனவரியிலும் வேண்டாம். சென்னைப் புத்தகக் கண்காட்சி நேரம் அது, உங்கள் மின்னஞ்சலைத் திறக்கவே ஆள் இருக்காது. இன்னொரு சங்கடம் மொழி. என் கதையில் ஒரு தாய், "பசியாறிட்டியாடா?" என்று மகனைக் கேட்பாள். அங்குள்ள பதிப்பாசிரியர் ஒருவர் அதை "டிபன் சாப்பிட்டியாடா?" என்று திருத்தி அனுப்பினார். நல்ல மனிதர்தான், புரியட்டும் என்று செய்தார். பெரட்டு (காலை ஆள் கணக்கெடுப்பு), மண்டோர் (தோட்டத்து மேற்பார்வையாளர்), தாமான், பாசார் மாலாம் (இரவுச் சந்தை) எதையும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசிப் பக்கத்தில் சொற்பொருள் போட்டுக்கொள்ளலாம் என்றேன், ஒப்புக்கொண்டார். உங்கள் சொற்களில் எவை அசையக்கூடாது என்று முன்னதாகவே ஒரு பட்டியல் எழுதி வையுங்கள்.

படி 5: கடிதம்

தன் வரலாறு வேண்டாம். நான் அனுப்பியது ஏறக்குறைய இப்படி:

"வணக்கம் ஐயா. பேராக், சுங்கை சிப்புட்டில் வசிக்கிறேன். செம்பனைத் தோட்டத்தை விட்டுத் தாமானுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களைப் பற்றிய பன்னிரண்டு சிறுகதைகள் கைவசம் உள்ளன. ஐந்து கதைகள் ஞாயிற்றுப் பதிப்புகளில் வெளிவந்தவை, விவரம் கீழே. மூன்று கதைகளை இணைத்துள்ளேன். பிடித்திருந்தால் மீதியை அனுப்புகிறேன்."

அவ்வளவுதான். மூன்று மாதம் பொறுத்து ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள். புலனத்தில் (வாட்ஸ்அப்) நள்ளிரவில் "ஐயா, படிச்சிட்டீங்களா?" என்று கேட்டால் உள்ளதும் கெடும்.

படி 6: "எடுத்துக்கொள்கிறோம்" என்று பதில் வந்தால்

இங்கேதான் நிதானம் தேவை. சந்தோஷத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். முதலில் பார்க்க வேண்டியது பணம் எந்தப் பக்கம் போகிறது என்பதை. பதிப்பகம் அச்சடித்து விற்று உங்களுக்கு உரிமத்தொகை (ராயல்டி) தந்தால் அது பதிப்பு. பத்து விழுக்காடு என்பது தமிழில் பரவலாகக் கேட்கும் விகிதம். நீங்கள் பணம் கொடுத்து அவர்கள் அச்சடித்தால் அது அச்சு வேலை, அட்டையில் எந்தச் சின்னம் இருந்தாலும் சரி. அதில் குற்றமில்லை, ஆனால் அச்சு வேலைக்குரிய விலைதான் கொடுக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒன்று உண்டு: "இருநூறு பிரதி நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள்" என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் மொத்த அச்சுச்செலவும் அதிலேயே அடங்கிவிடும்.

பிறகு உரிமை. எத்தனை ஆண்டு, எத்தனை பதிப்பு, மின்னூலும் மலாய் மொழிபெயர்ப்பும் யாருக்கு என்று எழுத்தில் வாங்குங்கள். 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதி முடித்த கதை பதிவு செய்யாமலே உங்களுடையது. உங்கள் ஆயுள் முழுக்கவும், அதற்குப் பின் 50 ஆண்டும். அதைத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

படி 7: யாரும் எடுக்காவிட்டால்

கைக்காசுதான். வெட்கப்பட ஒன்றுமில்லை. மூன்று அச்சகத்தில் விலை கேளுங்கள். பக்கங்கள் பதினாறின் மடங்காக வந்தால் தாள் வீணாகாது. முந்நூறு பிரதிக்கு மேல் போகாதீர்கள், தேவையென்றால் மறுபடி அடித்துக்கொள்ளலாம்.

நூலுக்கான அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். எண்ணைத் தேசிய நூலகத்தில் இலவசமாகத் தருகிறார்கள். நீங்களே விண்ணப்பிக்கலாம். அதற்கென்று ஒருவர் என்னிடம் தனியாகப் பணம் வாங்கினார், தெரியாமல் கொடுத்தேன். நூல் வந்ததும், 1986-ஆம் ஆண்டு நூலக வைப்புச் சட்டப்படி ஐந்து பிரதிகளைத் தேசிய நூலகத்துக்கு அனுப்ப வேண்டும், ஒரு மாதத்துக்குள். அச்சகம், வெளியிட்டவர் பெயர், முகவரி உள்ளே இருக்கிறதா என்று கடைசி மெய்ப்பில் பாருங்கள். அதுவும் சட்டம்.

படி 8: வெளியீடு

நம் ஊரில் நூல் கடையில் விற்பதைவிட மண்டபத்தில் விற்பதுதான் அதிகம். முதல் நூல் பெறுகிறவர் உறையில் பணம் வைப்பதும் மற்றவர்கள் வைப்பதும் சேர்ந்து அச்சுச்செலவை ஈடுகட்டினால் பெரிய அதிர்ஷ்டம். தேதியைச் சம்பளம் பார்த்து வையுங்கள். மாதச் சம்பளம் மறு மாதம் ஏழாம் தேதிக்குள் வர வேண்டும் என்பது சட்டம், அதனால் அதற்கடுத்த ஞாயிறு நல்லது. தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் பக்கத்தில் வேண்டாம், எல்லார் பையும் காலியாக இருக்கும். உரையாற்றுபவர் மூவருக்கு மேல் போனால் பின்வரிசை எழுந்து போய்விடும், உறையோடு. யார் எவ்வளவு வைத்தார் என்று நோட்டில் எழுதுங்கள். நாளை அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு நீங்கள் செய்ய வேண்டும்.

மிஞ்சிய பிரதிகளைப் பெட்டியோடு கட்டிலுக்கடியில் தள்ளாதீர்கள். என் முதல் நூலில் எண்பது பிரதி கரையானுக்குப் போயிற்று. தரையிலிருந்து இரண்டு செங்கல் உயரத்தில் பலகை போட்டு, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி அடுக்குங்கள். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை அடிப்பெட்டியைத் திறந்து பாருங்கள்.