ஃபிரிட்ஜ் சுத்தம்: தட்டைத் துடைத்தால் மட்டும் போதாது

ஃபிரிட்ஜைச் சுத்தம் செய்வது என்றால், தட்டுகளைக் கழற்றித் துடைத்து மாட்டுவதோடு பலரும் நிறுத்திக்கொள்கிறார்கள். பார்க்கப் பளிச்சென்றுதான் இருக்கும். இரண்டு நாளில் அதே நாற்றம் திரும்ப வரும், காய்கறிப் பெட்டிக்கு அடியில் தண்ணீர் தேங்கும், கம்ப்ரசர் நிற்காமல் ஓடும். இவற்றுக்கான காரணம் பெரும்பாலும் தட்டில் இருப்பதில்லை. கதவு ரப்பர், உள்ளே பின்சுவரில் இருக்கும் சின்ன வடிகால் துளை, பின்பக்கக் கம்பிச்சுருள், அடியில் இருக்கும் தண்ணீர்த் தட்டு ஆகிய நான்கு இடங்களைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

உங்களுடையது எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஃபிரீசரில் ஐஸ் படிந்து படிந்து கெட்டியாகிறது என்றால் அது டைரக்ட் கூல். ஐஸ் படியாமல், உள்ளே மின்விசிறி ஓடும் மெல்லிய சத்தம் கேட்டால் ஃப்ராஸ்ட் ஃப்ரீ. ஐஸ் கரைக்கும் வேலை முதல் வகைக்கு மட்டும்தான்.

1. தயாராவது

ஃபிரிட்ஜில் பொருள் குறைவாக இருக்கும் நாளாகப் பாருங்கள். பாத்திரம் கழுவும் சோப்பு, சமையல் சோடா, இரண்டு மூன்று மெல்லிய துணி, பழைய டூத் பிரஷ், தரையில் விரிக்க ஒரு பழைய துண்டு. இவ்வளவு போதும். கடையில் தனியாக விற்கும் ஸ்பிரே எதுவும் வேண்டாம். அதன் வாசனை சாப்பாட்டில் ஏறுவதுதான் மிச்சம்.

2. பிளக்கை எடுங்கள்

குளிரைக் கூட்டிக் குறைக்கும் குமிழைப் பூஜ்யத்தில் வைத்தால் கம்ப்ரசர்தான் நிற்கும். கரண்ட் உள்ளே வந்துகொண்டுதான் இருக்கும். அதனால் சுவிட்சை அணைத்து, பிளக்கையே உருவிவிடுங்கள்.

பொருள்களை வெளியே எடுக்கும்போதே தேதி முடிந்ததையும் நிறம் மாறியதையும் ஒதுக்கிவிடலாம். பால், இறைச்சி, சமைத்த உணவு இவற்றை ஐஸ் போட்ட ஒரு பெட்டியில் வையுங்கள். அப்படி வசதி இல்லையென்றால் வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. 32 டிகிரியைத் தாண்டும் வெயில் காலத்தில் ஒரு மணி நேரம்தான் கணக்கு.

3. ஐஸைக் கரைப்பது (டைரக்ட் கூல் மட்டும்)

ஐஸ் 5 மில்லிமீட்டர் கனம் சேர்ந்துவிட்டாலே கரைத்துவிடுவது நல்லது. அது போர்வை மாதிரி மூடிக்கொண்டு குளிரை உள்ளே விடாது. வழக்கமான நாளில் குமிழின் நடுவில் இருக்கும் டிஃப்ராஸ்ட் பொத்தானை அழுத்தினால் போதும். இப்போது பிளக்கை எடுத்துவிட்டதால் கதவைத் திறந்து வைத்தாலே கரையும். அவசரம் என்றால் ஒரு கிண்ணத்தில் சுடுதண்ணீர் ஊற்றி, அடியில் துணி மடித்துப் போட்டு, ஃபிரீசருக்குள் வைத்துக் கதவைச் சாத்துங்கள். ஆறியதும் தண்ணீரை மாற்றுங்கள்.

கத்தி, ஸ்க்ரூடிரைவர், கரண்டிக் காம்பு எதையும் கிட்டவே கொண்டுபோகாதீர்கள். ஃபிரீசரின் மெல்லிய உலோகச் சுவருக்குள்ளேயே குளிரூட்டும் கேஸ் ஓடும் பாதை இருக்கிறது. ஒரு குத்து விழுந்தால் கேஸ் மொத்தமும் போய்விடும், சரிசெய்யும் செலவும் அதிகம். புது ஃபிரிட்ஜ்கள் பலவற்றில் இருப்பது ஆர்600ஏ என்ற ஐசோபியூட்டேன். அது எரியக்கூடிய வாயு. ஹேர் டிரையரும் வேண்டாம்: ஒரு பக்கம் தண்ணீர் சொட்ட, மறு பக்கம் மின்சாரக் கருவி என்பது நல்ல கூட்டணி இல்லை.

4. தட்டுகளும் உள்சுவரும்

கண்ணாடித் தட்டைச் சில்லென்று இருக்கும்போதே சுடுதண்ணீரில் காட்டினால் விரிசல் விட்டுவிடும். கழற்றி வைத்துவிட்டு, அறை வெப்பத்துக்கு வந்த பிறகு சோப்பு நீரில் கழுவிக் காயவிடுங்கள்.

அது காய்வதற்குள் உள்சுவர். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி சமையல் சோடாவைக் கரைத்து, துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து, மேலிருந்து கீழாகத் துடையுங்கள். விளக்கு, குமிழ், காற்று வரும் துவாரங்கள் மேல் தண்ணீர் வழியக் கூடாது. காய்ந்து ஒட்டிய கறை இருந்தால் சுரண்ட வேண்டாம். ஈரத் துணியை அதன்மேல் பத்து நிமிடம் போட்டு வைத்தால் தானே இளகும். பிளீச்சிங் திரவம் தேவையே இல்லை. அதையும் வினிகரையும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

5. வடிகால் துளை

காய்கறிப் பெட்டியை இழுத்து எடுத்துவிட்டு, பின்சுவரின் அடிப்பகுதியைப் பாருங்கள். ஒரு சின்னக் கால்வாய் மாதிரிப் பள்ளம், அதன் நடுவில் பென்சில் நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்கும். கம்ப்ரசர் ஓடும்போது பின்சுவரில் படியும் பனி, அது நிற்கும்போது துளித்துளியாக உருகி இந்தப் பள்ளத்துக்கு வருகிறது. துளை வழியாகக் குழாயில் இறங்கி, பின்புறம் கம்ப்ரசருக்கு மேலே உள்ள தண்ணீர்த் தட்டில் சேர்ந்து, கம்ப்ரசரின் சூட்டிலேயே ஆவியாகிவிடுகிறது. நாம் எதுவும் கொட்டத் தேவையில்லாத ஏற்பாடு. ஆனால் ஒரு கீரை இலைத் துணுக்கு துளையில் சிக்கினால் போதும், அத்தனை தண்ணீரும் உள்ளேயே தேங்கும். காய்கறி அழுகுவது, அடித்தட்டில் ஈரம், ஒருவித பூஞ்சை வாடை எல்லாம் இதிலிருந்து வருவதுண்டு.

சில ஃபிரிட்ஜ்களில் இந்தத் துளையிலேயே குத்திவிட ஒரு பிளாஸ்டிக் குச்சி செருகியிருக்கும். இல்லையென்றால் காது குடையும் பஞ்சுக் குச்சியால் மெதுவாக அழுக்கை எடுங்கள். அப்புறம் ஊசி இல்லாத சிரிஞ்சில் வெதுவெதுப்பான தண்ணீரை எடுத்து மெல்லப் பீய்ச்சுங்கள். தண்ணீர் தேங்காமல் இறங்கினால் வழி திறந்துவிட்டது. கம்பியை விட வேண்டாம், குழாய் கிழிந்துவிடும்.

ஃப்ராஸ்ட் ஃப்ரீயில் இந்தத் துளை ஃபிரீசரின் பின்பலகைக்குள் ஒளிந்திருக்கும். பலகையை நாமே கழற்றுவதற்கில்லை. ஃபிரீசரின் தரையில் ஐஸ் பாளம் கட்டினால் அந்தத் துளைதான் அடைத்திருக்கிறது என்று யூகிக்கலாம்.

6. கதவு ரப்பர்

ரப்பரின் மடிப்பை விரலால் விரித்துப் பாருங்கள். கருப்புப் புள்ளியாகப் பூஞ்சை, துணுக்குகள், பிசுபிசுப்பு எல்லாம் அங்கேதான் இருக்கும். சோப்பு நீரில் தோய்த்த டூத் பிரஷால் மடிப்பு மடிப்பாகத் தேய்த்து, ஈரத் துணியால் துடைத்து, கடைசியில் உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். கீழ்ப் பகுதியில் அழுக்கு அதிகம் இருக்கும், அங்கே அவசரப்படாதீர்கள்.

ரப்பர் சரியாகப் பிடிக்கிறதா என்று பார்க்க ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி, இழுத்துப் பாருங்கள். இழுக்கும்போது லேசாகப் பிடித்து வந்தால் சரி. வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் குளிர் வெளியேறுகிறது. மேல், கீழ், நான்கு மூலை என்று பல இடத்தில் சோதியுங்கள். நெளிந்திருந்தால் சுடுதண்ணீரில் நனைத்த துணியைச் சிறிது நேரம் வைத்து, கையால் நீவிவிட்டால் பல நேரம் பழைய வடிவுக்கு வரும். கிழிந்திருந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும்.

7. பின்பக்கம்

ஃபிரிட்ஜை நேராக முன்னால் இழுங்கள், படுக்க வைக்காதீர்கள். பின்னால் கருப்புக் கம்பிவலை போல இருப்பதுதான் முதலில் சொன்ன கம்பிச்சுருள், அதாவது கண்டன்சர் காயில். உள்ளிருந்து எடுத்த சூட்டை வெளியேற்றுவது இதன் வேலை. இதில் தூசி படிந்தால் சூடு போகாது, கம்ப்ரசர் கூடுதல் நேரம் ஓடும். மெல்லிய பிரஷ் அல்லது வாக்குவம் கிளீனரால் தூசியை எடுங்கள். ஈரத் துணி வேண்டாம். சில மாடல்களில் காயில் அடியில் இருக்கும். புதியவற்றில் பக்கச் சுவருக்குள்ளேயே புதைத்துவிடுகிறார்கள். அந்த வகையில் பக்கங்களைத் தொட்டால் சூடாக இருப்பது இயல்புதான், துடைக்க வேண்டிய வேலையும் மிச்சம்.

தண்ணீர்த் தட்டு கழன்று வந்தால் கழுவி மாட்டுங்கள். வராவிட்டால் இழுத்து உடைக்காமல் துணியால் ஒற்றி எடுங்கள். எவ்வளவு துடைத்தும் நாற்றம் போகாத ஃபிரிட்ஜில், நான் முதலில் பார்க்கச் சொல்வது இந்தத் தட்டைத்தான்.

8. மறுபடி ஓடவிடுவது

எல்லாம் உலர்ந்த பிறகு பிளக்கைச் செருகுங்கள். இடையில் ஒருமுறை செருகி எடுத்திருந்தால் குறைந்தது ஐந்து நிமிடம் பொறுங்கள். குழாய்களில் அழுத்தம் சமமாகும் முன் கம்ப்ரசரைக் கிளப்பினால் அதற்குச் சிரமம்.

உள்ளே 4 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழும், ஃபிரீசரில் மைனஸ் 18-ம் இருக்க வேண்டும். குமிழில் உள்ள எண் டிகிரி அல்ல. பொதுவாக எண் கூடக் கூடக் குளிர் கூடும். சந்தேகம் இருந்தால் ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு நடுத்தட்டில் இரவு முழுக்க வைத்து, காலையில் பாருங்கள்.

திரும்ப அடுக்கும்போது காற்றுத் துவாரத்தை மறைக்காதீர்கள். கதவுப் பக்கம்தான் ஃபிரிட்ஜிலேயே சூடான இடம், அதனால் பாலை உள்தட்டில் வையுங்கள். சாஸ், ஊறுகாய் கதவுக்குப் போகட்டும். பச்சை இறைச்சியை மூடிய டப்பாவில், கீழ்த்தட்டில். ஒரு சின்னக் கிண்ணத்தில் சமையல் சோடாவைத் திறந்து வைத்தால் லேசான வாடையை இழுத்துக்கொள்ளும்.

சிந்தியதை அன்றன்றே துடைத்துவிட்டால், கதவு ரப்பரை மாதம் ஒருமுறையும், முழுச் சுத்தத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், காயிலை ஆண்டுக்கு இரண்டு முறையும் பார்த்தால் போதும். வீட்டில் நாய், பூனை இருந்தால் காயிலில் முடி சேரும். அதை மட்டும் இன்னும் அடிக்கடி பாருங்கள்.

இவ்வளவும் செய்தும் குளிர் ஏறவில்லை, கம்ப்ரசர் டிக்கென்று கிளம்பி உடனே நிற்கிறது, ஃபிரிட்ஜின் உடலைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது என்றால் பிளக்கை எடுத்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். போன் செய்வதற்கு முன் உள்சுவரிலோ பின்புறமோ ஒட்டியிருக்கும் லேபிளில் மாடல் எண்ணையும் கேஸின் பெயரையும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்; ரப்பர் முதல் கேஸ் வரை எதைக் கொண்டுவர வேண்டும் என்பது அதை வைத்துத்தான் அவருக்குத் தெரியும்.