தேசிய சமூக அறிவியல் தரவுக் காப்பகம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேமிப்புக் கணினிகளை வாங்கி, இணையதளம் ஒன்றைத் திறந்துவிட்டால், ஆய்வுகளில் திரட்டிய தரவைப் பிறரும் பயன்படுத்துவதற்காகப் பாதுகாத்து வைக்கும் தரவுக் காப்பகம் உருவாகிவிட்டது என்று எண்ணுவதே முதல் தவறு. ஜெர்மனியின் கொலோன் நகரில் 1960-லும், அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1962-லும், பிரிட்டனின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1967-லும் தொடங்கப்பட்ட காப்பகங்கள் துளையட்டைகளும் காந்த நாடாக்களும் புழங்கிய காலத்தவை. அந்தக் கருவிகள் வழக்கொழிந்து பல ஆண்டுகள் ஆகியும் அக்காப்பகங்களின் பணி தொடர்வதற்குக் காரணம், ஒவ்வொரு தலைமுறைக் கருவியிலிருந்தும் அடுத்ததற்குத் தரவை மாற்றி, சரிபார்த்து வைக்கும் பணியாளர்களும் நெறிமுறைகளும் அங்கு நிலைபெற்றிருந்ததுதான்.

என் கணிப்பில், மிகுந்த சேதம் விளைவிப்பது கோப்பை மட்டும் வாங்கிக்கொண்டு அதன் விளக்க ஆவணங்களைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவது. வயதைக் குறிக்கும் நெடுவரிசையில் 99 என்ற எண் சிலருக்கு மட்டும் வருகிறது என்று கொள்வோம். அது தொண்ணூற்றொன்பது வயதா, 'பதில் இல்லை' என்பதற்கான குறியீடா? நூறு பேரில் தொண்ணூறு பேரின் சராசரி வயது 40 ஆக இருந்து, மீதிப் பத்துப் பேருக்குப் பதில் இல்லாமையால் 99 என்று பதியப்பட்டிருந்தால், விவரம் தெரியாமல் கணக்கிடுபவருக்குச் சராசரி ஏறத்தாழ 46 என்று வரும். கணினி எந்த எச்சரிக்கையும் தராது. இந்த ஐயத்தைத் தீர்க்கக்கூடிய ஆய்வு உதவியாளர் ஒப்பந்தம் முடிந்து வேறு வேலைக்குப் போயிருப்பார். ஆகவே வினாநிரல், களப்பணியாளர்களுக்கான அறிவுரைகள், மாதிரி தேர்ந்தெடுத்த முறை, நிறையீடுகள் (மாதிரி மொத்த மக்களைப் பிரதிபலிக்க ஒவ்வொருவரின் பதிலுக்கும் தரப்படும் எடை) கணக்கிடப்பட்ட விதம், குறியீட்டுப் பட்டியல் ஆகிய அனைத்தும் கோப்போடு சேர்ந்தே வர வேண்டும். இவற்றை விவரிப்பதற்கு, 1995-இல் தொடங்கிய முயற்சியின் பயனாக டிடிஐ (Data Documentation Initiative) என்ற, தரவை விவரிப்பதற்கான பன்னாட்டுத் தரம் இருக்கும்போது, சொந்தமாக ஒரு படிவத்தை வகுத்துக்கொள்வது வீண் உழைப்பு.

பெயரையும் முகவரியையும் நீக்கிவிட்டால் பதிலளித்தவரை யாரும் அடையாளம் காண முடியாது என்ற நம்பிக்கையும் ஆபத்தானது. பிறந்த தேதி, பால், ஐந்திலக்க அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றை மட்டும் கொண்டே அமெரிக்க மக்களில் சுமார் 87 விழுக்காட்டினரைத் தனித்து அடையாளம் காணக்கூடும் என்று அமெரிக்கக் கணினி அறிவியலாளர் லதான்யா ஸ்வீனி 2000-ஆம் ஆண்டில் மதிப்பிட்டார். ஒரு சிற்றூரின் ஒரே பெண் மருத்துவரை அடையாளம் காண அவ்வளவுகூடத் தேவையில்லை. இதற்கு அஞ்சி அனைத்தையும் பூட்டி வைப்பது எதிர்முனைத் தவறு. ஒருவரும் பயன்படுத்தாத காப்பகத்துக்கு யாரும் தரவு கொடுக்க மாட்டார்கள். எவருக்கும் திறந்தவை, பதிவு செய்தவர்களுக்கு மட்டும் உரியவை, பாதுகாக்கப்பட்ட அறையிலேயே பார்க்க வேண்டியவை என்று அணுகலைப் படிநிலைகளாகப் பிரிப்பதே நடைமுறைக்கு ஏற்றது.

'ஆய்வு முடிந்ததும் உங்கள் பதில்கள் அழிக்கப்படும்' என்று ஒப்புதல் படிவத்தில் எழுதிவிட்டு, பிறகு அந்தத் தரவைக் காப்பகத்துக்கு அளிக்க முன்வரும் ஆய்வாளர்கள் உண்டு. அந்த வாக்குறுதியைப் பின்னர் திருத்த இயலாது என்பதால், களப்பணிக்கு முன்பே ஒப்புதல் படிவத்துக்கான மாதிரி வாசகங்களை வழங்குவது காப்பகத்தின் பொறுப்பு. உரிமை யாருடையது, மறுபயன்பாட்டுக்கு என்னென்ன நிபந்தனைகள் என்பவற்றையும் எழுத்து மூல ஒப்பந்தமாகப் பெற்றுவிட வேண்டும். நட்பின் பேரில் வாங்கிய தரவு, நண்பர் ஓய்வு பெற்றதும் சிக்கலாகிவிடும்.

ஒரே நிறுவனத்தின் மென்பொருளில் மட்டும் திறக்கும் கோப்பை ஒரே பிரதியாக வைத்திருப்பதும், பிழை திருத்தும்போது பழைய பதிப்பின் மேலேயே எழுதிவிடுவதும் சிறியவை போலத் தோன்றும். ஆனால் பழைய பதிப்பை வைத்துக் கட்டுரை எழுதியவரின் முடிவுகளை அதன் பிறகு யாராலும் சோதிக்க முடியாது. எளிய உரை வடிவப் பிரதியும், பதிப்பு எண்ணும், மாறாத அடையாள எண்ணும் இதற்குப் போதும்.

பணத்தைப் பொறுத்தவரை, மூன்றாண்டுத் திட்ட நிதியில் தேசியக் காப்பகத்தைத் தொடங்குவது, கூரைக்கு வழி தெரியாமல் சுவர் எழுப்புவது போன்றது. நிதி முடியும்போது பயிற்சி பெற்றவர்கள் போய்விடுவார்கள். நிரந்தரப் பணியிடங்கள் சிலவேனும் முதல் ஆண்டிலேயே வேண்டும். காப்பகம் மூடப்பட நேர்ந்தால் தரவு எந்த நிறுவனத்திடம் போகும் என்பதும் அப்போதே எழுத்தில் இருக்க வேண்டும்.