பழைய வால்வு ரேடியோவை வீட்டிலேயே சீரமைக்கும் முறை

பரணிலிருந்து இறக்கிய வால்வு ரேடியோவைத் தூசி தட்டி மேசைமேல் வைத்ததும், பிளக்கைச் செருகிப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை எவருக்கும் எழும். அந்த ஆசைக்கு அன்று இடம் கொடுக்கக் கூடாது என்பதையே நான் முதலில் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். பெரியப்பா வீட்டிலிருந்து கொண்டுவந்த பெட்டிக்கு நான் அப்படித்தான் மின்சாரம் கொடுத்தேன். வால்வுகள் ஒவ்வொன்றாக ஒளிவிட்டன. ஒலிபெருக்கியில் மெல்லிய இரைச்சல் எழுந்தது. திருச்சி வானொலியின் குரல்கூட ஒரு நிமிடம் கேட்டது. நான்காவது நிமிடத்தில் கடைசி வால்வின் உட்தகடு அடுப்புத் தணலாகச் சிவந்து, வார்னிஷ் கருகும் வாடை வந்து, எல்லாம் அடங்கிவிட்டது. கடைசி வால்வை ஒலிபெருக்கியோடு இணைக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் முதன்மைச் சுற்று அறுந்து போயிருந்தது. அதற்குக் காரணமானது, சில ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு சிறிய கண்டென்சர் (மின்தேக்கி). நாற்பது ஆண்டுகள் சும்மா கிடந்தும் கெட்டுப்போகாத பாகங்கள், அவசரமாகக் கொடுத்த அந்த நான்கு நிமிட மின்சாரத்தில் கெட்டன.

வேலையைத் தொடங்குமுன் பெட்டி எந்த வகையைச் சேர்ந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும். பின்மூடியைக் கழற்றி வால்வுகளின் பெயர்களைப் படியுங்கள். இ.சி.எச்.81, இ.பி.எஃப்.89, இ.எல்.84, இ.இசட்.80 என்று ‘இ’ என்ற எழுத்தில் பெயர்கள் தொடங்கி, கனமான மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றும் இருந்தால் அது ஏ.சி. வகைப் பெட்டி, வீட்டில் கற்றுக்கொள்ள அதுவே ஏற்றது. யு.சி.எச்.81, யு.பி.எஃப்.89, யு.சி.எல்.82, யு.ஒய்.85 என்று ‘யு’ வரிசை வால்வுகள் இருந்தால் அது ஏ.சி.-டி.சி. இரண்டிலும் ஓடுவதற்காகச் செய்யப்பட்டது. அதில் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. வால்வுகளைச் சூடாக்கும் இழைகள் 19, 19, 50, 38 வோல்ட் என வரிசையாக இணைந்து 126 வோல்ட்டை எடுத்துக்கொள்ள, 230-இல் மீதியுள்ள 104 வோல்ட்டை ஒரு பெரிய பீங்கான் ரெசிஸ்டர் வெப்பமாக்கிக் கழிக்கும். இவ்வகையில் மின்கம்பி ஒன்று நேராக, பாகங்களைத் தாங்கும் சேஸிஸ் தகட்டோடு சேர்ந்திருப்பதால், பிளக்கை மாற்றிச் செருகினாலே தகடு முழுவதும் ஃபேஸ் ஏறிவிடும். திருகுக் குமிழின் சின்னஞ்சிறு இரும்புத் திருகாணியைத் தொட்டாலும் உயிருக்கு ஆபத்து. வீட்டு மின்கம்பியோடு நேர்த்தொடர்பில்லாமல் மின்சாரம் தரும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் ‘யு’ வகைப் பெட்டியைத் திறந்து வேலை செய்யவே கூடாது. இனி நான் சொல்வதெல்லாம் ஏ.சி. வகைப் பெட்டியைக் கருத்தில் கொண்டது.

கருவிகள் அதிகம் தேவையில்லை. டிஜிட்டல் மல்டிமீட்டர், நாற்பது வாட் அளவிலான சால்டரிங் அயர்ன், மென்மையான பெயின்ட் பிரஷ், கான்டாக்ட் கிளீனர், இவற்றோடு பல்பு வழியாக மின்சாரம் தரும், எலக்ட்ரீஷியன்கள் பயன்படுத்தும் சீரியஸ் போர்டு ஒன்று போதும். அந்தப் போர்டில் 60 வாட் மற்றும் 100 வாட் குண்டு பல்புகளை மாற்றிப் போட வசதி இருக்க வேண்டும், எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. பத்து கிலோ ஓம், ஐந்து வாட் ரெசிஸ்டர் ஒன்றின் இரு முனைகளிலும் காப்புள்ள கிளிப் கம்பிகளை இணைத்துத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரத்தை நிறுத்திய பிறகும், டி.சி. மின்சாரத்தைச் சீராக்கும் ஃபில்டர் கண்டென்சர்களில் 250 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம். ஒவ்வொரு முறை கை வைப்பதற்கு முன்பும் அந்த ரெசிஸ்டரால் அதை வடித்துவிட்டு, மீட்டரில் சுழி என்று காட்டுவதைப் பார்த்த பிறகே தொட வேண்டும். மின்சாரம் ஓடும்போது அளக்க வேண்டியிருந்தால், ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு மறு கையால் மட்டும் அளக்கும் பழக்கத்தை முதல் நாளிலேயே ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

எதையும் கழற்றுமுன் எல்லாக் கோணங்களிலிருந்தும் படம் எடுங்கள். நம் ஊர்ப் பெட்டிகளுக்குள் பல்லி முட்டைகளும் கரப்பான் எச்சமும் எலி கடித்த கம்பிகளும் இருப்பது வழக்கம். உலர்ந்த பிரஷால் மட்டும் துடைக்க வேண்டும். ஈரத் துணி வேண்டாம். வால்வின் மேல் அச்சிட்ட எழுத்து, விரல் பட்டாலே பல வால்வுகளில் அழிந்துவிடும் என்பதால், பெயரை முதலில் காகிதத்தில் எழுதிக்கொண்டு, எழுத்துள்ள இடத்தைத் தவிர்த்துத் துடையுங்கள். டயல் கண்ணாடியைப் பற்றி இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். நிலையப் பெயர்களும் அலைநீளத்தைக் காட்டும் மீட்டர் எண்களும் கண்ணாடியின் பின்புறத்தில் பெயின்ட்டால் அச்சிடப்பட்டவை. ஐம்பது அறுபது ஆண்டுகளில் அந்தப் பெயின்ட்டின் பிடிமானம் தளர்ந்திருக்கும். தண்ணீரோ ஸ்பிரிட்டோ பட்ட துணியை ஒருமுறை இழுத்தால் எழுத்துகள் துணியோடு வந்துவிடும். முன்புறத்தை மட்டும் துடைத்து, பின்புறத்தை அப்படியே விட்டுவிடுங்கள்.

வால்வுகளை மெல்ல இப்படியும் அப்படியும் அசைத்தபடி மேல்நோக்கி இழுத்தால் வந்துவிடும். வால்வின் உச்சியில் உள்ள வெள்ளி நிறப் பூச்சு கண்ணாடி போலப் பளபளத்தால் உள்ளே வெற்றிடம் குறையவில்லை என்று பொருள். அது பால்போல வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது, அந்த வால்வு இனி உதவாது. மேலே சொன்ன ஒன்பது ஊசி ‘இ’ வால்வுகளில் இழை 4, 5 ஆகிய ஊசிகளுக்கு இடையே இருக்கிறது. மீட்டரில் சில ஓம் காட்டினால் இழை நலமாக உள்ளது. வால்வுகள்தாம் கெட்டிருக்கும் என்று எண்ணி முன்கூட்டியே புதியவற்றைத் தேடி அலைய வேண்டாம். என் அனுபவத்தில், பெட்டி பேசாமல் போனதற்கு வால்வு காரணமாக இருந்ததைவிடக் கண்டென்சர் காரணமாக இருந்ததே மிக அதிகம்.

அடுத்து, டிரான்ஸ்ஃபார்மர்களை மீட்டரால் சோதியுங்கள். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் முதன்மைச் சுற்றில் சில நூறு ஓம் காட்ட வேண்டும். எந்த எண்ணும் காட்டாவிட்டால் அறுந்துவிட்டது. ரப்பர் உறையிட்ட பழைய மின்கம்பியை யோசிக்காமல் வெட்டி எறிந்துவிட்டு, மூன்று இழைக் கம்பியைப் போட்டு, பச்சை இழையைச் சேஸிஸில் திருகி இணைத்து, ஃபேஸ் கம்பியில் ஃபியூஸ் ஒன்றையும் சேருங்கள். பின்புறத்தில் வோல்டேஜ் மாற்றும் வசதி இருந்தால், நம் வீடுகளில் மின்சாரம் 240-ஐத் தொடுவதும் உண்டு என்பதால், இருப்பதிலேயே உயர்ந்த எண்ணில் வையுங்கள். மின்கம்பிக்கும் சேஸிஸுக்கும் இடையே பழைய கண்டென்சர் ஏதும் இருந்தால் எடுத்துவிடுங்கள். அங்கே மீண்டும் போடுவதானால் ஒய்2 என்ற பாதுகாப்புத் தரம் குறியிட்டதை மட்டுமே போட வேண்டும்.

இனி வருவதே முக்கியமான வேலை. பழுப்பு மெழுகு பூசிய காகிதக் கண்டென்சர்கள் எல்லாவற்றையும், பார்வைக்கு நன்றாக இருந்தாலும், மாற்றிவிட வேண்டும். காகிதம் ஆண்டுக்கணக்கில் ஈரத்தை உறிஞ்சி மின்சாரத்தைக் கசிய விடுகிறது. எல்லாக் கசிவும் ஒரே அளவு தீங்கானதல்ல. ஆனால் முன்வால்வின் ஆனோடையும் (உட்தகடு) கடைசியான அவுட்புட் வால்வின் கிரிட்டையும் (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் வலை) இணைக்கும் 0.01 அல்லது 0.02 மைக்ரோ ஃபாரட் கண்டென்சரின் கசிவு பெட்டியையே கொன்றுவிடும். அதை ஒரு கணக்கால் காட்டுகிறேன். இ.எல்.84 ஒழுங்காக வேலை செய்ய, 250 வோல்ட்டில் அதன் கிரிட், எலக்ட்ரான்களை உமிழும் கேத்தோடைவிட 7.3 வோல்ட் தாழ்ந்திருக்க வேண்டும். கண்டென்சரின் ஒரு முனையில் 100 வோல்ட் இருப்பதாகவும், கிரிட்டிலிருந்து சேஸிஸுக்கு 680 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருப்பதாகவும் கொள்வோம். கண்டென்சர் வெறும் 20 மெகா ஓம் அளவுக்குக் கசிந்தாலே கிரிட்டில் 3.3 வோல்ட் ஏறிவிடும். இருபது மெகா ஓம் என்பது சாதாரண மீட்டரில் ‘கசிவே இல்லை’ என்று தோன்றும் எண். ஆயினும் வால்வுக்குள் மின்னோட்டம் அளவுக்கு மேல் பாய்ந்து, தகடு சிவந்து, கிரிட் சூடாகி நிலைமை மேலும் மோசமாகி, முடிவில் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கருகும். என் பெட்டியில் நடந்ததும் இதுவே. ஆகவே மற்ற எதை மாற்றாவிட்டாலும் இந்த ஒன்றை, மின்சாரம் கொடுக்குமுன், 630 வோல்ட் பாலியெஸ்டர் கண்டென்சராக மாற்றிவிடுங்கள்.

அலுமினிய உருளைக்குள் இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் ஃபில்டர் கண்டென்சர்களுக்கு மெல்ல மெல்ல வோல்ட்டை ஏற்றி உயிரூட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். அது உண்மையே என்றாலும், நாள்தோறும் கேட்கப்போகும் பெட்டியில் அந்தத் துணிச்சல் வேண்டாம் என்பது என் கருத்து. பழையதை அழகுக்காக இருந்த இடத்திலேயே விட்டு, கம்பிகளை மட்டும் கழற்றி, 450 வோல்ட் தாங்கும் புதியவற்றைச் சேஸிஸின் அடியில் போடுங்கள். மைனஸ் முனை எங்கே இருந்தது என்பதைப் படத்தைப் பார்த்து இருமுறை உறுதி செய்யுங்கள். இரைச்சல் குறையும் என்று எண்ணிப் பெரிய மதிப்பைப் போட்டுவிடக் கூடாது, ஏ.சி.யை டி.சி.யாக்கும் இ.இசட்.80 போன்ற ரெக்டிஃபையர் வால்வை அடுத்த முதல் கண்டென்சர் 50 மைக்ரோ ஃபாரட்டைத் தாண்டினால், மின்சாரம் ஏறும் ஒவ்வொரு முறையும் வால்வின் கேத்தோடு அடிபடும். மைக்கா, பீங்கான் கண்டென்சர்கள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அவற்றைத் தொட வேண்டாம். இந்தப் பொருள்கள் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும், வெளியூர்களில் டி.வி. பழுதுபார்க்கும் கடைகளில் கேட்டால் பாதியாவது அகப்படும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு பாகத்தைக் கழற்றி, அதை மாற்றி முடித்த பிறகே அடுத்ததற்குப் போங்கள்.

பழைய கார்பன் ரெசிஸ்டர்கள் காலப்போக்கில் மதிப்பு கூடிப்போகும் இயல்புடையவை. குறித்த மதிப்பைவிட இருபது சதவீதத்துக்கு மேல் விலகியவற்றை மட்டும் மாற்றினால் போதும்.

முதல் மின்சாரத்துக்கு, ஒலிபெருக்கி இணைந்திருப்பதை உறுதி செய்யுங்கள். சுமையில்லாமல் ஓடினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்குள் மின்பொறி தாவி அது கெடக்கூடும். ரெக்டிஃபையர் வால்வை எடுத்துவிட்டு, 60 வாட் பல்பை வரிசையில் வைத்துச் சுவிட்சைப் போடுங்கள். பல்பு ஒரு கணம் எரிந்து மங்க வேண்டும். முழு வெளிச்சத்தோடு நின்றால் எங்கோ ஷார்ட், உடனே அணைத்துவிடுங்கள். எல்லாம் சரியென்றால் ரெக்டிஃபையரைச் செருகி, 100 வாட் பல்புக்கு மாறி, அரை மணி நேரம் கண்ணும் மூக்குமாக அருகிலேயே இருங்கள். அதன் பிறகே பல்பை விலக்கி நேர் மின்சாரம் தர வேண்டும்.

அப்போது முதலில் அளக்க வேண்டியது இ.எல்.84-இன் மூன்றாம் ஊசி, அதாவது கேத்தோடு. அங்கே ஏறத்தாழ 7 வோல்ட் இருந்தால் நிம்மதி. இரண்டாம் ஊசியான கிரிட்டில் சுழி இருக்க வேண்டும். நேர் வோல்ட் ஏதும் தெரிந்தால் அணைத்துவிட்டு அந்தக் கண்டென்சரையும் வால்வையும் மறுபடி பாருங்கள்.

வோல்ட் எல்லாம் சரியாக இருந்தும் நிலையம் எதுவும் வராவிட்டால், ஒலிக் குமிழின் நடு முனையைக் காப்பிட்ட ஸ்குரூ டிரைவரால் தொட்டுப் பாருங்கள். ‘உர்’ என்று பலத்த ஓசை கேட்டால் ஒலிப்பகுதி நலம். கோளாறு அதற்கு முன்னே உள்ளது. பெட்டிக்குள்ளேயே அலைகளை உண்டாக்கும் ஆசிலேட்டர் ஓடுகிறதா என்று அறிய ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோ போதும். பெட்டியின் இடை அலைவெண் (ஐ.எஃப்.) 455 கிலோஹெர்ட்ஸ் என்றால், டயலை 600-இல் வைத்தபோது ஆசிலேட்டர் இரண்டின் கூட்டுத்தொகையான 1055-இல் ஓட வேண்டும். டிரான்சிஸ்டரை அருகில் வைத்து 1055-ஐச் சுற்றித் திருப்பினால், ஓரிடத்தில் அதன் இரைச்சல் சட்டென்று அடங்கும். பெட்டியின் முள்ளை அசைத்தால் அந்த அமைதியும் கூடவே நகரும். இது தெரியாவிட்டால் பெரும்பாலும் பேண்ட் சுவிட்சின் அழுக்கே காரணம். கான்டாக்ட் கிளீனரைச் சில சொட்டு விட்டு இருபது முறை திருப்புங்கள். ஐ.எஃப். டிரான்ஸ்ஃபார்மர்களின் உச்சியில் மெழுகிட்டிருக்கும் திருகுகளை மட்டும் தொடாதீர்கள்; அந்த ஃபெரைட் திருகு உடைந்தால் எடுப்பது பெரும்பாடு, தவிர அவை அசையாமல் இருக்கும்வரை சீராகவே இருக்கும்.

டயல் நூல் அறுந்திருந்தால், பின்னிய மீன்பிடி நூல் நன்றாகப் பொருந்தும். அது சுற்றும் வழியை வரைந்துகொண்டு, ஸ்பிரிங்கை இழுத்த நிலையில் முடிச்சிடுங்கள். ஒலிபெருக்கியின் கிழிந்த காகிதத்தில் மெல்லிய டிஷ்யூ காகிதத்தை நீர் கலந்த ஃபெவிகாலால் ஒட்டலாம். மரப்பெட்டிக்கு அரக்கு பாலிஷ் மட்டுமே பொருத்தம். மேலே பாலியூரித்தேன் பூசினால் பழைய தேக்கு வெனியரின் நிறம் செத்துவிடும்.

ஏரியல் இல்லாமல் இந்தப் பெட்டிகள் சரியாகப் பாடாது. முன்பு தாழ்வாரத்தில் குறுக்கே கட்டியிருந்த செப்பு வலைப் பட்டையை நினைவிருப்பவர்கள் இருக்கலாம்; இப்போது பத்து மீட்டர் கம்பி போதும். வீட்டின் எல்.இ.டி. விளக்குகளையும் கைப்பேசி சார்ஜர்களையும் அணைத்துவிட்டுக் கேளுங்கள். மத்திய அலையில் வரும் இரைச்சலில் பெரும்பங்கு அவற்றுடையது. நான் என் பெட்டியை முதலில் 936 கிலோஹெர்ட்ஸில், திருச்சியில் வைத்தேன். பகலில் சற்று மங்கலாகவும், பொழுது சாய்ந்ததும் உரக்கவும் கேட்டது.

இரண்டு மணி நேரம் ஓடிய பின் அணைத்து, மின்சாரத்தை வடித்து, டிரான்ஸ்ஃபார்மரைத் தொட்டுப் பாருங்கள். கை வைத்திருக்க முடியாத சூடு கூடாது. பின்மூடியைப் பொருத்துமுன், மாற்றிய பாகங்களின் பட்டியலையும், நீங்கள் அளந்த வோல்ட்டுகளையும், தேதியையும் ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் உட்சுவரில் ஒட்டிவிடுங்கள். என் பெட்டியில் அந்த இடத்தில், முன்னொரு காலத்தில் அதைப் பழுதுபார்த்தவர் பென்சிலால் எழுதிய தேதி ஒன்று இருந்தது. அதன் கீழே என் தாளை ஒட்டினேன்.