கோச் போகிறார், அடுத்தது ஆர்?

உதைபந்தாட்டக் கழகத்துக் கோச் கனடாவுக்குப் போகிறார், அல்லது இடமாற்றம் கிடைத்துக் கொழும்புக்குப் போகிறார் என்ற கதை வெளியில் வந்தால், அன்று பின்னேரமே சந்தியில் மூன்று பெயர் அடிபடும். விடிந்தால் வட்ஸ்அப் குழுவில் ஏழு பெயர் இருக்கும். லண்டனில் இருக்கிற பழைய உறுப்பினர் ஒருவர் தன் மச்சானின் பெயரையும் போட்டிருப்பார். ஒரு கிழமைக்குள் ஊர் இரண்டு பக்கமாகும். இந்த வாக்குவாதத்தை நிற்பாட்ட ஏலாது, நிற்பாட்டவும் வேண்டாம். ஒழுங்காக நடத்தினால் நல்ல ஆள் கிடைப்பார்.

பெயரைக் கதைக்க முதல் வேலையைக் கதையுங்கள்

ஒரு தாளை எடுத்துப் போகிறவர் செய்த எல்லா வேலையையும் எழுதுங்கள். பயிற்சி, ஆள் தெரிவு, போட்டிக்கு நடுவில் ஆளை மாற்றுவது என்று மூன்று வேலை எல்லாருக்கும் உடனே ஞாபகம் வரும். மிச்சம் மெல்லத்தான் வரும். லீக் பதிவுக் கடதாசி, சின்னப் பெடியளின் சனிக்கிழமைப் பயிற்சி, பந்துக்குக் காற்றடிப்பது, கோடு போடுவது, காயப்பட்டவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுவது, ஏ.எல். பரீட்சை எடுக்கிற பிள்ளையை விளையாட விடச் சொல்லித் தாய் தகப்பனோடு கதைப்பது, வெளிநாட்டுக் காசு வந்ததா என்று கேட்பது. யாழ்ப்பாணத்தில் பாசையூர், குருநகர், நாவாந்துறை மாதிரிக் கரையோரக் கழகங்களில் இன்னொன்றும் உண்டு: இரவில் கடற்றொழிலுக்குப் போகிறவர்களுக்கு ஏற்ற மாதிரிப் பயிற்சி நேரத்தை மாற்றிக் கொடுப்பது.

பிறகு ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் ஒரு பெயர் போடுங்கள். பதிவுக் கடதாசி செயலாளருக்கு, காசு பொருளாளருக்கு, கோடும் பந்தும் இரண்டு இளைஞருக்கு. கோச்சுக்கென்று மிஞ்சுவது பாதியிலும் குறைவாக இருக்கும். இதைச் செய்யாத கழகம் இத்தனை வேலையும் செய்யக்கூடிய ஒரே ஆளைத் தேடும். அப்படி ஒருவர் இருக்கமாட்டார். கடைசியில் சத்தமாகக் கதைக்கிறவர்கள் சொன்ன ஆள் வந்து நிற்பார்.

மொயஸ் கதை

எந்தக் கூட்டத்திலும் ஒருவர் எழும்பி, “பெர்குசனுக்குப் பிறகு மொயஸுக்கு நடந்தது தெரியும்தானே” என்பார். தெரியும். ஆனால் முழுக் கதையையும் பார்க்க வேண்டும். 2013இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட் கழகத்தை விட்டு நீண்டகால முகாமையாளர் பெர்குசன் போனபோது நிர்வாகத் தலைமையில் இருந்த டேவிட் கில்லும் அதே கோடையில் விலகினார். பெர்குசனின் இடத்துக்கு வந்த மொயஸ், அங்கே இருந்த பீலன், மூலன்ஸ்டீன் உட்பட்ட பழைய உதவிப் பயிற்சியாளர்களை அனுப்பிவிட்டுத் தன் ஆட்களைக் கொண்டுவந்தார். ஆறு வருட ஒப்பந்தம் பத்து மாதத்தில் முடிந்தது. பெரிய ஆள் போன வருடத்திலேயே அவரைச் சுற்றி இருந்த எல்லாரும் போனார்கள் என்பதுதான் அங்கே பார்க்க வேண்டியது.

எதிர்ப்பக்கக் கதை லிவர்பூலில் இரண்டு தரம் நடந்தது. 1974இல் முகாமையாளர் ஷாங்க்லி விலகியதும் அவருக்கு உதவியாளராக இருந்த பாப் பெய்ஸ்லியையே வைத்தார்கள். ஒன்பது பருவத்தில் ஆறு லீக் பட்டமும் மூன்று ஐரோப்பியக் கிண்ணமும் வந்தன. 2024இல் முகாமையாளர் குளொப் தான் விலகப் போவதை ஜனவரியிலேயே சொல்லிவிட்டதால் ஆள் தேட மாதக் கணக்கில் நேரம் கிடைத்தது. வந்த ஆர்னே ஸ்லொட் இருந்த அணியைப் பெரிதாகக் கலைக்காமல் முதல் பருவத்திலேயே லீக்கை வென்றார். ஆகவே உங்கள் கோச் வெளிக்கிடுகிற திகதியை எவ்வளவு முந்திக் கேட்டு வாங்க முடியுமோ அவ்வளவு முந்தி வாங்குங்கள். உதவிக் கோச்சை எப்படியாவது மறித்து வையுங்கள், அவரைக் கோச் ஆக்காவிட்டாலும்.

ஆர் முடிவெடுப்பது

ஐந்து பேர் போதும்: தலைவர் அல்லது செயலாளர், அணித்தலைவர், பதவி இல்லாத மூத்த வீரர் ஒருவர், சின்னப் பிரிவுப் பிள்ளையின் பெற்றோர் ஒருவர், ஊரில் எல்லாரும் மதிக்கிற ஒருவர். விண்ணப்பித்தவருக்குச் சொந்தக்காரர் என்றால் அவர் குழுவில் இருக்கக் கூடாது. ஊருக்குள் எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம் என்று இதற்குச் சாட்டுச் சொல்வார்கள். அண்ணன் தம்பி, மச்சான், சம்பந்தி வரை என்று கோட்டை முதலே கீறிவிடுங்கள்.

வெளிநாட்டு உறுப்பினர்களை ஒதுக்கினால் காசும் ஒதுங்கும். அவர்களுக்கு ஒரு சூம் கூட்டம் வையுங்கள். சனி இரவு 7.30 நல்ல நேரம்: லண்டனில் பின்னேரம் 2 அல்லது 3 மணி, ரொறன்ரோவில் காலை 9 அல்லது 10. அவர்கள் கருத்துச் சொல்லட்டும், வாக்கு வேண்டாம். 2012இல் கடைசியாக மைதானத்தைப் பார்த்தவரின் வாக்கால் இன்றைய பெடியளுக்கு கோச் போடக் கூடாது.

போகிற கோச்சிடம் ஒரு மணித்தியாலம் இருந்து கேளுங்கள்: எவனுக்கு முழங்கால் பிரச்சினை, எவனை எல்லாருக்கும் முன்னால் ஏசக் கூடாது, எவன் சொல்லாமல் பயிற்சிக்கு மட்டம் போடுவான். அடுத்த கோச் ஆர் என்று பெயர் கேட்காதீர்கள். அவர் ஒரு பெயரைச் சொன்னால் பிறகு வாக்குவாதமே இல்லை.

மைதானத்தில் பார்ப்பது

உரிமம் இருந்தால் மூலப் பிரதியைப் பாருங்கள். ஏ.எப்.சி. (ஆசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பு) படிகளில் ‘சி’க்கு மேலே ‘பி’, ‘ஏ’, அதற்கு மேல் புரோ. ‘சி’ உள்ளவருக்கு அடிப்படை தெரியும் என்று எடுக்கலாம், அதற்கு மேல் அந்தக் கடதாசி ஒன்றும் சொல்லாது. பாடசாலைக் கோச் என்றால் எந்த நாள், எத்தனை மணிக்கு அங்கே நிற்க வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். பாடசாலைச் சுற்றுப்போட்டி தொடங்கினதும் ஆளைக் காணமுடியாமல் போவது வழமை. பழைய நட்சத்திர வீரர் என்றால் கூடக் கவனம். தனக்கு இயல்பாக வந்ததை மற்றவனுக்குப் படிப்படியாகச் சொல்ல அவருக்குப் பொறுமை இருக்கிறதா என்பது யாழ்ப்பாணம் துரையப்பா விளையாட்டரங்கில் அவர் போட்ட கோல்களில் தெரியாது.

கடைசி மூன்று பேருக்கும் தலா இரண்டு பயிற்சி கொடுங்கள். ஒவ்வொன்றும் 75 நிமிடம், அதே மைதானம், 16 வீரர், 6 பந்து, இரண்டு நிற மேலங்கி. முதல் நாள் அவர் விருப்பப்படி நடத்தட்டும். கரையில் நிற்கிறவர்கள் பார்க்க வேண்டியது: பெடியள் வரிசையில் சும்மா நிற்கிற நேரம் எவ்வளவு, ஒரு விளக்கம் ஒரு நிமிடத்துக்குள் முடிகிறதா, கோல் கீப்பருக்கு ஏதாவது வேலை கொடுத்தாரா, பிழை விட்டவனுக்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறாரா, அல்லது ஏசுவதோடு விடுகிறாரா. இரண்டாம் நாள் அணிக்கு 7 பேராகப் பிரித்து விளையாட விடுங்கள், இருவர் வெளியில். இங்கே கிண்ணம் அநேகமாக 7 பேர் கொண்ட சுற்றுப்போட்டிகளில்தான் கிடைக்கும். 11 பேருக்கு மட்டும் திட்டம் தெரிந்தவர் சின்ன மைதானத்தில் தடுமாறுவார். அவருடைய அணி 0-1 பின்னால் என்றும் இன்னும் 10 நிமிடம் என்றும் அறிவியுங்கள். எவரை மாற்றுகிறார், ஏன் என்று முடிந்த பிறகு கேளுங்கள். பதில் இல்லாமல் மாற்றுகிறவர்தான் இறுதிப் போட்டியிலும் அப்படி மாற்றுவார்.

ஒரு கேள்வி எல்லாருக்கும் பொது: ஐப்பசி, கார்த்திகையில் மைதானம் வெள்ளத்தில் கிடந்தால் பயிற்சி எப்படி? “மழை விட்டாப் பிறகு பாப்பம்” என்றால் வருடத்தில் இரண்டு மாதம் போச்சு.

குழுவில் உள்ளவர்கள் ஒருவரோடொருவர் கதைக்க முதல் தங்கள் புள்ளியை எழுதிக் கொடுக்க வேண்டும். பெரியவர் ஒருவர் வாய் திறந்தால் மற்ற நாலு தாளும் அவருடையதையே சொல்லும். வீரர்களிடம் பெயர் போடாத துண்டில் ஒன்றை மட்டும் கேளுங்கள்: இவரிடம் எதைப் புதிதாகப் பழகினாய்? “நல்ல அண்ணை” என்று நிறையத் துண்டு வந்தால் அது புள்ளி இல்லை.

கடதாசியும் காசும்

சன்மானம், கொடுக்கும் திகதி, பெற்றோல் காசு, விலகுவதானால் 30 நாள் முன்னறிவிப்பு, ஆள் தெரிவில் நிர்வாகம் தலையிடாது என்ற ஒரு வரி. இவ்வளவும் ஒரு பக்கத்தில் அடங்கும். மூன்று மாதக் காசு கழகக் கணக்கில் கிடக்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். வெளிநாட்டு வாக்குறுதி வரும், ஆனால் பிந்தும். புதிய ஆள் காசில்லாமல் விலகுவார், ஊர் அதை அவருடைய பிழையாகக் கதைக்கும்.

பழையவருக்குப் பொன்னாடை போர்த்துப் பிரியாவிடை வைப்பதைப் புதியவரின் முதல் பயிற்சிக்கு முதலே முடித்துவிடுங்கள். அதன் பிறகு “ஆலோசகர்” பதவி கொடுக்காதீர்கள். மான்செஸ்டர் யுனைடெட்டில் 1969இல் பழைய முகாமையாளர் மாட் பஸ்பி பொது முகாமையாளராக மேலே இருக்க, 31 வயது வில்ப் மெக்கின்னஸ் அணியைப் பொறுப்பேற்றார். 1970 டிசம்பரில் அவரை எடுத்துவிட்டு பஸ்பியே திரும்பி வரவேண்டியதாயிற்று. ஷாங்க்லியும் விலகின பிறகு பயிற்சி மைதானத்துக்கு வந்துகொண்டே இருந்தார், பெய்ஸ்லிக்கு அது சங்கடமாயிற்று. உங்கள் பழைய கோச் ஊரிலேயே இருப்பவரானால் முதல் இரண்டு மாதம் பயிற்சிப் பக்கம் வரவேண்டாம் என்று தலைவரே வீட்டுக்குப் போய், மரியாதையாக, நேரில் சொல்ல வேண்டும். போனில் சொன்னால் கோபம் வரும்.

முதல் தோல்வி கட்டாயம் வரும், அதுவும் சமநிலை தவிர்ப்பு உதையில் வந்தால் இரவு முழுக்க வட்ஸ்அப் கொதிக்கும். அன்று இரவே குழுவில் அட்மின் மட்டும் எழுதலாம் என்று மாற்றி, அடுத்த பயிற்சி முடிந்த பிறகு திறந்துவிடுங்கள்.