மலையில் குடியேறுபவர்களுக்கு: வெயிலில் கறுக்கும் கண்ணாடி இங்கே சரிப்படுமா?

வாடகை வீடு, கேஸ் இணைப்பு, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், கம்பளி எல்லாம் ஒருவழியாக முடிந்த பிறகு, பவர் கண்ணாடி போடுபவர்களிடமிருந்து ஒரு புகார் வரும். சென்னையிலிருந்து வந்தவரும் சொல்வார், துபாயிலிருந்து திரும்பியவரும் சொல்வார்: “அங்கே வெயிலில் லேசாகத்தான் கறுத்தது. ஊட்டியில் கன்னங்கரேலென்று ஆகிவிடுகிறது. வீட்டுக்குள் வந்தாலும் சீக்கிரம் தெளிய மாட்டேன் என்கிறது.” கண்ணாடியில் கோளாறு எதுவும் இல்லை. குளிர் செய்கிற வேலை அது.

கடைகளில் இதைப் போட்டோகுரோமிக் என்பார்கள். பழைய ஆட்கள் இன்னும் பி.ஜி. லென்ஸ் என்றுதான் கேட்பார்கள். 1960களில் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தில் ஆர்மிஸ்டெட், ஸ்டூக்கி என்ற இருவர் உருவாக்கியது நிஜக் கண்ணாடி. அதற்குள் வெள்ளி உப்பின் மிக நுண்ணிய படிகங்கள் இருந்தன. இப்போது பெரும்பாலும் கிடைப்பது பிளாஸ்டிக் லென்ஸ். இதில் இருப்பது கரிமச் சாயம். புற ஊதாக் கதிர் பட்டதும் அந்தச் சாயத்தின் மூலக்கூறு, மடக்கிய குடை விரிவது போல விரிந்து, கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தை உறிஞ்ச ஆரம்பிக்கும். லென்ஸ் கறுக்கும். விரிந்ததைத் திரும்ப மடக்குவதில் பெரும்பங்கு வெப்பத்துக்கு. துபாய் வெயிலில் ஒரு பக்கம் கதிர் விரிக்க, மறுபக்கம் சூடு மடக்கிக்கொண்டே இருக்கும். அதனால் அரைகுறைக் கறுப்புதான். ஊட்டிக் குளிரில் மடக்க ஆள் இல்லை. டிசம்பர், ஜனவரியில் புல்வெளி வெள்ளையாக உறைபனி பூத்துக் கிடக்கும் காலையில், பளீரென்ற வெயிலில் நின்று பாருங்கள். லென்ஸ் அவ்வளவு கறுத்து வேறெப்போதும் பார்க்க முடியாது.

உயரமும் சேர்ந்துகொள்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர், குன்னூர் சுமார் 1,850 மீட்டர். போதாததற்கு, மெல்லிய மேகம் இந்தக் கதிரைப் பெரிதாகத் தடுப்பதில்லை. அதனால் கண் கூசாத மூடாப்பு நாளிலும் லென்ஸ் பாட்டுக்குக் கறுத்துக்கொள்ளும். வெளிச்சமே குறைவாக இருக்கும்போது கண்ணாடியும் இருட்டினால் எரிச்சல்தான் வரும். ஆனால் மேகம் இருக்கிறதே என்று கண்ணைக் காட்டிக்கொண்டு அலைவதும் நல்லதல்ல. பல வருடம் படுகிற புற ஊதாக் கதிர் கண்புரைக்கு ஒரு காரணம். இந்த லென்ஸ் தெளிவாக இருக்கும்போதும் அந்தக் கதிரைத் தடுக்கிறது என்பதுதான், என்னைக் கேட்டால், இதன் முதல் நன்மை. கூலிங் கிளாஸை வாங்கிய வாரத்திலேயே தொலைத்துவிடும் பிள்ளைகளுக்கு இதைவிடச் சௌகரியமானது இல்லை.

வண்டி ஓட்டுபவர்கள்தான் யோசித்து வாங்க வேண்டும். காரின் முன்கண்ணாடி இரண்டு அடுக்குக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது; புற ஊதாக் கதிரை ஏறக்குறைய முழுசாகவே நிறுத்திவிடும். எனவே காருக்குள் சாதாரண போட்டோகுரோமிக் லென்ஸ் பெரும்பாலும் கறுக்காது. சாயங்கால வெயில் நேராக முகத்தில் அடித்தாலும் அப்படியேதான் இருக்கும். காருக்கென்று வாங்குவது வீண். பவர் போட்ட கூலிங் கிளாஸ் ஒன்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள். மழை நனைத்த தார்ச்சாலையின் பளபளப்பைக் குறைக்க வேண்டுமானால் போலரைஸ்டு லென்ஸ் கேட்க வேண்டும்; சாதாரண போட்டோகுரோமிக் அந்த வேலையைச் செய்யாது.

பைக், ஸ்கூட்டி ஓட்டுபவர்கள் பாடு வேறு. மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக 36 கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிறீர்கள், ஹெல்மெட்டின் முன்தடுப்பைத் தூக்கிவிட்டிருக்கிறீர்கள் என்று வையுங்கள். வெயிலில் லென்ஸ் நன்றாகக் கறுத்திருக்கும். ஒரு திருப்பம் தாண்டியதும் அடர்ந்த மர நிழல், அல்லது எதிரே ஆள் தெரியாத மூடுபனி. கறுக்க ஒரு நிமிடத்துக்குள் போதும். தெளிய சில நிமிடம் வேண்டும், குளிரில் இன்னும் கூடுதலாக. அந்தச் சில நிமிடத்தில்தான் எதிரே பஸ் வரும். முன்தடுப்பை இறக்கியே ஓட்டினால் இந்தத் தொல்லை குறையும். அந்தப் பிளாஸ்டிக்கும் புற ஊதாக் கதிரை மறிக்கும். இல்லையென்றால் வண்டிக்குச் சாதாரணக் கண்ணாடியே போதும்.

தேயிலைத் தோட்டத்தில் மேற்பார்வை, நடந்தே பள்ளிக்குப் போகும் ஆசிரியர் வேலை, சந்தைக்கும் வீட்டுக்குமாக நாள் முழுக்க நடை: இவர்களுக்கெல்லாம் தயங்காமல் சொல்வேன், வாங்குங்கள். ஒரே சங்கடம், மரியாதை சம்பந்தப்பட்டது. ஹட்டியில், அதாவது படகர் கிராமத்தில், வீடு கேட்டுப் போகிறபோதோ துக்க வீட்டுக்குப் போகிறபோதோ பெரியவர்கள் முன்னால் கறுப்புக் கண்ணாடியோடு நின்றால் நன்றாக இருக்காது. “தானாகக் கறுக்கிற கண்ணாடிங்க” என்று அங்கே போய் விளக்கிக்கொண்டிருக்க முடியுமா? கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

விலை சாதாரண லென்ஸைவிடக் கணிசமாகக் கூடுதல். கடையில் சின்ன ஊதா டார்ச் அடித்துக் காட்டுவார்கள். அதை மட்டும் நம்ப வேண்டாம். லென்ஸில் பாதியைக் காகிதத்தால் மறைத்து, வாசல் வெயிலில் ஒரு நிமிடம் பிடியுங்கள். காகிதத்தை எடுத்தால் நடுவில் கோடு கிழித்த மாதிரி ஒரு பாதி கறுத்து, ஒரு பாதி வெளுத்து இருக்க வேண்டும். இரண்டு லென்ஸும் ஒரே அளவு கறுக்கிறதா என்றும் பாருங்கள். ஒன்று உடைந்து அதை மட்டும் புதிதாகப் போட்டால் நிறம் ஒத்துவராது, ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். சாயத்துக்கும் ஆயுள் உண்டு. இரண்டு மூன்று வருடத்தில் கறுப்பது குறையும், அல்லது வீட்டுக்குள்ளும் லேசான மஞ்சளோ பழுப்போ தங்கிவிடும். எப்படியும் பவர் பரிசோதிக்கப் போவீர்கள், அப்போது சேர்த்து மாற்றிக்கொள்ளலாம்.