ஒர்க்‌ஷாப் ஸ்டோரில் கிடக்கும் பழைய டிராயிங்குகள்: தேதி பார்ப்பது, பிரிப்பது, காப்பது

வட சென்னையில் பாலிடெக்னிக்கோ ஐடிஐயோ கொஞ்சம் பழையதாக இருந்தால், ஸ்டோர் பரணில் சுருட்டிய டிராயிங்குகளும் ஸ்டாக் ரிஜிஸ்டர்களும் ஒரே கயிற்றில் கட்டிக் கிடக்கும். அவிழ்ப்பதற்கு முன் கட்டாகவே ஒரு போட்டோ எடுங்கள். எந்த டிராயிங் எந்த ரிஜிஸ்டரோடு கிடந்தது என்பதே பாதி வரலாறு. டிபார்ட்மென்ட் வாரியாக அடுக்குகிறேன் என்று கலைத்தால் அது போய்விடும். கட்டுக்கு ஒரு எண், உள்ளே தாளுக்கு ஒரு எண். 2பி பென்சிலால், பின்பக்க மூலையில்.

தேதி இல்லாத தாள்தான் அதிகம் வரும். விலை ரூபாய்-அணா-பையில் இருந்தால் 1957 ஏப்ரல் 1க்கு முந்தையது. ‘நயா பைசா’ என்றால் 1957-க்கும் 1964-க்கும் இடையில். ‘மெட்ராஸ் ஸ்டேட்’ என்ற முத்திரை 1969 ஜனவரி 14க்கு முன். லெட்டர்ஹெட்டில் ராயபுரம் வெறும் ‘மெட்ராஸ்-13’ ஆக இருந்தால் பழசு. ‘600 013’ இருந்தால் பின்கோடு வந்த 1972 ஆகஸ்ட் 15க்குப் பின். ஆனால் அச்சடித்த தாளை வீணாக்காமல் வருஷக்கணக்கில் ஓட்டுவார்கள் என்பதையும் மனதில் வையுங்கள். அடி-அங்குல அளவை மட்டும் நம்பாதீர்கள்: லீட் ஸ்க்ரூ (மரை வெட்ட உதவும் நீளத் திருகு) அங்குலத்தில் இருக்கும் பழைய லேத் ஓடுகிற வரை, மெட்ரிக் வந்த பிறகும் அங்குலத்தில் வரைந்திருப்பார்கள்.

அடுத்து, தாளின் வகை. இங்கேதான் நல்ல எண்ணத்தோடு செய்வதே கெடுதலாகிறது.

நீலத் தரையில் வெள்ளைக் கோடு என்றால் ப்ளூ பிரிண்ட். அந்த நீலத்துக்குக் காரம் (ஆல்கலி) ஆகாது; பட்ட இடம் பழுப்பாகி வெளுக்கும். சுண்ணாம்பு அடித்த சுவரில் சாய்ப்பதும், காப்பகத் தாள் என்று கால்சியம் கார்பனேட் கலந்ததை வாங்கிச் சுற்றுவதும் தவறு. காரம் சேர்க்காத, அமிலமற்ற தாளைக் கேட்டு வாங்குங்கள். வெயிலில் காயப் போடவே கூடாது. வெள்ளைத் தரையில் ஊதாவோ நீலமோ கோடு என்றால் பெரும்பாலும் அம்மோனியா பிரிண்ட். அதிலிருந்து வரும் வாயு பக்கத்துத் தாளைக் கறையாக்கும் என்பதால் தனி டிராயர். வெளிச்சத்தில் பிடித்தால் நெசவு தெரிகிறதா? டிரேசிங் கிளாத். மேலே கஞ்சிப் பூச்சு. ஒரு சொட்டு தண்ணீர் பட்டாலும் அந்த இடம் வெள்ளையாகி, மை கரையும்.

கடல் காற்றில் ஜெம் கிளிப்பும் குண்டூசியும் துருவேறி தாளோடு ஒட்டியிருக்கும். இழுத்தால் துருவோடு தாளும் வரும். மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை இரண்டுக்கும் நடுவே செருகி, கிளிப்பின் காலை மட்டும் தூக்குங்கள்.

விறைத்த ப்ளூ பிரிண்ட் சுருளை விரிக்க: மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் டப், அடியில் பிழிந்த ஈரத்துண்டு, மேலே கம்பிவலை, அதன்மேல் சுருள். மணிக்கொருமுறை தொட்டுப் பாருங்கள். நெகிழ்ந்ததும் எடுத்து இரு பிளாட்டிங் தாள்களுக்கிடையே பாரம் வைத்து இரண்டு நாள். ஐப்பசி மழையில் டப்பே வேண்டாம், ஏசி இல்லாத அறையே போதும். டிரேசிங் கிளாத்துக்கு இந்த வேலை செய்யாதீர்கள்.

ஏசியைப் பகலில் போட்டு இரவில் அணைப்பது, போடாமலே இருப்பதைவிட மோசம். குளிர்ந்த தாளில் ஈரக்காற்று பட்டு வியர்க்கும். ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டாமல் மின்விசிறியும் காற்றோட்டமும் ஓடினால் பூஞ்சை பெரிதாக வராது. மிக்ஜாம் புயல் போன்ற மழையை நினைத்து அலமாரி தரைதளத்தில் வேண்டாம். ஒழுகும் மொட்டை மாடிக்குக் கீழேயும் வேண்டாம்.

நனைந்தே விட்டால் கையில் இருப்பது 48 மணி நேரம். அதற்குள் காய வைக்க முடியாத கட்டைப் பிரிக்காமல் பாலித்தீனில் இரண்டு சுற்று சுற்றி, மைனஸ் 20 டிகிரியில் உறைய விடுங்கள்; பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் காய வைக்கலாம். காசிமேடு பக்கம் என்றால் மீன் குளிர்கிடங்கில் ஒரு மூலை கேட்டுப் பாருங்கள். பாலித்தீன் சரியாக ஒட்டியிருந்தால் வாசம் ஏறாது.